மீன் எண்ணெயில் ஊறிய நாலு கதவு

பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் டப்பாவைத் திறந்ததும் மூக்குத் தண்டில் சுள்ளென்று ஏறும் வாசம் ஒன்று. சுறா எண்ணெயின் கனத்த வாசம், தொண்டைக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும் வாசம், இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க நியாயமே இல்லை. போன வாரம் பொன்னேரியில் என் பட்டறைக்குள் ஒருவர் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அதே நேரம் வாசலில் லைட்ஹவுஸ் குப்பத்து ஆள் ஒருவர், படகுக்குப் பூசுகிற எண்ணெய் டின்னை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நின்று, காற்றடிக்க பம்ப்பு கேட்டார். காற்று இரண்டையும் கொண்டுவந்து என் மூக்கில் ஒன்றாக வைத்தது.

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்டார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். டோர் பீடிங், அதாவது கார் கதவோரத்து ரப்பர், மாற்றுவது எப்படி என்று கற்றுக்கொள்ள நினைப்பவர்கள், எப்படி மாற்றக்கூடாது என்பதையும் இதில் தெரிந்துகொள்ளலாம்.

சோப்பு நுரைக்காத ஊர்

என் பெயர் தேசிங்கு. ஊர் லைட்ஹவுஸ் குப்பம். நைனா கடலுக்குப் போனவர். எனக்குப் படகில் ஏறினால் குடல் வெளியே வரும். அதனால் எழுபதுகளின் நடுவில் மெட்ராஸுக்குப் போய், ஒரு சந்துக்குள் இருந்த கார் சீட் கவர் கடையில் நாலு வருஷம் வேலை செய்தேன். சீட், ரூஃப் துணி, டோர் பீடிங் எல்லாம் அங்கே பழகியது. கல்யாணம் ஆனதும் ஊருக்குத் திரும்பி, ஏரிக்கு இந்தப் பக்கம் பழவேற்காடு பஜாரில் ஒரு கொட்டகை போட்டேன். காலையில் படகில் வருவேன், கண்ணை மூடிக்கொண்டு. சாயங்காலம் படகில் போவேன், அதே மாதிரி.

பஜாரில் கார் வேலை எங்கே இருக்கும்? சைக்கிள், படகு இன்ஜின், காட்டூர்க்காரர் ஒருவரின் டிராக்டர் சீட். கார் என்று சொல்ல ஊரில் ஒன்றிரண்டுதான். அதில் ஒன்று ஹாஜியாருடையது. அவர் வாப்பா காலத்தில் வாங்கிய சீமை வண்டி. கறுப்பு, முதுகு உருண்டை. ஊரில் அதற்குக் கறுப்பாமை என்று பெயர். அதை ஓட்டியவர் காசிம் பாய். அந்த வண்டியின் கதவை அவர் தவிர யாராவது அடித்துச் சாத்தினால் அவருக்கு வலிக்கும்.

ஐப்பசி பிறந்த நேரம் காசிம் பாய் என் கொட்டகைக்கு வந்தார்.

"மெட்ராஸ் மேஸ்திரி! ஹாஜியார் கூப்புடுறாரு. வண்டிக்குக் கதவு ரப்பர் போடணுமாம். தெரியுமா, இல்ல சும்மா போர்டு மாட்டிக்கினு ஒக்காந்துகிறியா?"

ஹாஜியாருக்கு இரண்டு பெண்கள். பெரியவளை இரண்டு வருஷத்துக்கு முன் பொன்னேரியில் கொடுத்திருந்தார். பெண்ணை அனுப்பிய நாளில் அடைமழை. கறுப்பாமையின் கதவு ரப்பரெல்லாம் உப்புக் காற்றில் வெடித்து, பல்லுப் போன வாய் மாதிரி இருந்த காலம். நாலு கதவு வழியாகவும் தண்ணீர் உள்ளே வந்தது. பட்டுப்புடவையின் சிவப்புச் சாயம் கரைந்து, பெண் இறங்கும்போது பாதம் வரை செந்தண்ணீர். மாப்பிள்ளை வீட்டு வாசலில் யாரோ சொன்னார்களாம்: "இன்னா, பழவேற்காட்டுலேர்ந்து பொண்ணு நீந்தியே வந்துச்சா?"

அது ஒரு நாள் கேலியாகப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்தத் தெருவில் அதுவே பெயராக நின்றுவிட்டது. நீந்தி வந்த பொண்ணு.

இப்போது சின்னவள் நூர்ஜஹானுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு பொன்னேரியில் அக்கா இருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு. மாதம் ஐப்பசி. ஹாஜியார் என்னிடம் ரொம்பப் பேசவில்லை.

"தம்பி, இந்தப் புள்ளயாவது நனையாமப் போய் எறங்கணும். அவ்வளவுதான் வேல."

மெட்ராஸுக்குப் போய் நாலு கதவுக்கும் பீடிங் வாங்கி வந்தேன். அந்த ரப்பரின் அடியில் ஒரு உதடு இருக்கும். கதவு ஓரத்தில் ஓடுகிற தகரச் சானலுக்குள் அந்த உதடு போய் உட்கார வேண்டும். மேலே தெரிகிற பாகம் உள்ளே காலியான குழல். கதவு சாத்தும்போது அது அமுங்கி, தண்ணீருக்கு வழி இல்லாமல் செய்யும். காய்ந்த ரப்பர் சானலுக்குள் சுலபத்தில் போகாது. மெட்ராஸில் சோப்புத் தண்ணீர் தடவுவோம், வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் தண்ணீர் காய்ந்து ரப்பர் இறுகிவிடும்.

பழவேற்காட்டில் கிணற்றுத் தண்ணீரெல்லாம் உப்பு. சோப்பைப் போட்டால் நுரை வராது, தயிர் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதக்கும். முதல் கதவுக்கு அதைத்தான் தடவினேன். ரப்பர் அடி வைக்க மறுத்தது. ஒரு மூலையில் உதடு கிழியவும் பார்த்தது. ஹாஜியார் வீட்டு வண்டிக் கொட்டகையின் மூலையில், ஏரிப் படகுக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெய் டின் கண்ணில் பட்டது.

எங்கள் ஊரில் மரம் வெடித்தால் அந்த எண்ணெய். கயிறு இறுகினால் அந்த எண்ணெய். எனக்கு முட்டி வலித்தபோது நைனா தடவியதும் அதேதான். ரப்பருக்கு மட்டும் ஏன் ஆகாது?

விரலில் தொட்டுத் தடவினேன். அம்மா, என்ன வழுக்கல்! உதடு தானாகத் தேடிப் போய் உட்கார்ந்தது. நைனாவின் வலை ஊசி, மூங்கிலில் சீவிய தட்டையான ஊசி, அதை வைத்து ஓரத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். நாலு கதவும் மத்தியானத்துக்குள் முடிந்தன. சாத்தினால் முன்பு கடகடவென்று ஆடிய கதவு, இப்போது நல்ல வீட்டுப் பெட்டி மூடுகிற மாதிரி 'டப்' என்றது. ஹாஜியார் உள்ளே உட்கார்ந்துகொள்ள, காசிம் பாய் வாளி வாளியாக மேலே ஊற்றினார். ஒரு சொட்டு இல்லை.

"மாஷா அல்லாஹ்," என்றார் ஹாஜியார். அன்றைக்குத் திரும்பும்போது படகில் கண்ணைத் திறந்துகொண்டு போனேன்.

ஜன்னல் வழியாக ஒரு பெரிய மனிதர்

பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளும் வண்டியைச் சுற்றிப் பூனைகள். பானெட் மேல் ஒன்று, படியில் ஒன்று, கதவோரம் மூக்கை வைத்தபடி ஒன்று. வண்டி தெருவில் மெதுவாகப் போனால் பின்னாலேயே வரும். "வண்டிக்கு மவுசு ஏறிப்போச்சு," என்றார் காசிம் பாய். அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நிக்காஹுக்கு நாலு நாள் இருக்கும்போது என் கொட்டகைக்கு ஆள் ஓடி வந்தார். பள்ளிவாசலுக்கு முன்னால் வண்டி நிற்கிறது, ஹாஜியார் உள்ளே இருக்கிறார், கதவு திறக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். லுஹர் என்கிற மத்தியானத் தொழுகைக்கு வந்த கூட்டம் மொத்தமும் வண்டியைச் சுற்றி நின்றது. இரண்டு நாளாக வெயிலில் சாத்தியே நின்ற வண்டி. டிரைவர் கதவை மட்டும் காசிம் பாய் உள்ளிருந்து உதைத்துத் திறந்திருக்கிறார். வீட்டில் இழுத்துப் பிடித்துத் திறந்து ஹாஜியார் ஏறிய பின்கதவு, சாத்தினதோடு சரி. ரப்பர் ஊதிப் பெருத்து, குழல் இரண்டு மடங்காகி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பிதுங்கி நின்றது. போதாததற்கு எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டிருந்தது. இழுத்தால் கைப்பிடி வரும் போலிருந்தது, கதவு வருகிறதாக இல்லை.

"உள்ளேர்ந்து ஒதைங்க ஹாஜியாரே!" என்றார் யாரோ.

"நான் கழுதயா?" என்றார் ஹாஜியார்.

முன்சீட்டைத் தாண்டி வர அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கண்ணாடியை இறக்கி, முதலில் தொப்பியைக் கழற்றி வெளியே கொடுத்தார். பிறகு தலை, தோள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தோம். எழுபது வயதை நெருங்கிய, வெள்ளை ஜிப்பா போட்ட பெரிய மனிதர், ஊர் பார்க்க, வலையிலிருந்து மீனை உருவுகிற மாதிரி ஜன்னலிலிருந்து உருவப்பட்டார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"பெரியவ நனைஞ்சு போனா. சின்னவ எறங்காமலே திரும்பி வரணுமா தம்பி?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வாய் தானாகப் பேசியது.

"ரப்பர் சரியில்ல ஹாஜியாரே. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான்."

"அப்படியா?"

"ஆமா."

ஹாஜியார் தலையாட்டினார். அதை அப்படியே நம்பினார். காசிம் பாயைக் கூப்பிட்டு, அந்த ரப்பரைக் கொஞ்சம் அறுத்து எடுத்துக்கொண்டு காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பச் சொன்னார்.

"போய்க் கேக்குறேன் பாரு," என்றார் காசிம் பாய். "கடையைப் பேஜார் பண்ணிட்டுத்தான் வருவேன்."

செருப்பு

வீட்டுக்குப் போனால் பவுனு, என் மனைவி, கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். என்ன என்று கேட்டாள். கடைக்காரனைத் திட்டியபடியே எல்லாம் சொன்னேன். என் சட்டையை மோந்து பார்த்தவள், ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எத்த தடவிப் போட்ட?"

"எண்ணெதான். சுறா எண்ணெ."

அவள் வெளியே போய், படகுக்கு எண்ணெய் பூசும் இடத்திலிருந்து ஒரு ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். நைனாவின் பழைய ரப்பர் செருப்பு. எண்ணெய் சிந்திய மணலில் கிடந்து, ஓரமெல்லாம் ஊதி, அப்பளம் மாதிரி வளைந்து, தொட்டால் விரல் ஒட்டியது.

"எண்ணெ பூசும்போது செருப்பைத் தூர வுடுங்கடான்னு உங்க நைனா தெனம் கத்துறாரே. ஊரு பூரா கேக்குது. உனக்கு மட்டும் காதுல வுழல?"

கேட்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அது குப்பத்துச் சத்தம். கார் வேலை மெட்ராஸ் வித்தை. இரண்டுக்கும் நடுவில் என் தலைக்குள் ஒரு ஏரியே கிடந்தது, பாலம் இல்லாமல்.

"அப்போ கடைக்காரன்?" என்றேன் சும்மா.

"அந்த ஆளு இன்னா பண்ணான், பாவம்? காலையில மொத படகுக்குப் போ. அந்த பாய் பஸ் ஏறுறதுக்குள்ள சொல்லிடு."

அன்றைக்குத் தூக்கம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

காலையில் ஹாஜியார் வீட்டு முன்கூடத்தில் காசிம் பாய் பையோடு கிளம்பி நின்றிருந்தார். ஹாஜியார் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்று சொன்னேன்.

"கடைக்காரர் மேல தப்பில்ல. ரப்பர் நல்ல ரப்பர். நான்தான் மீன் எண்ணெ தடவிப் போட்டேன். அதான் ஊதிப்போச்சு. நேத்து பொய் சொன்னேன்."

காசிம் பாய் பையைக் கீழே போட்டார். ஹாஜியார் டீயை மெதுவாக முடித்தார். அந்த ஒரு டம்ளர் டீக்கு அத்தனை நேரம் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"மீன் எண்ணெயா?"

"ஆமா ஹாஜியாரே."

"பூனையெல்லாம் பள்ளிவாசல் வரைக்கும் பின்னாடியே வந்துச்சே, அதுக்குத்தானா?"

"ஆமா ஹாஜியாரே."

அவர் தோள் குலுங்கிற்று. கோபமோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே சொல்லியிருந்தா நாலு நாள் இருந்திருக்கும். இப்ப மூணு இருக்கு. நாளைக்குச் சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? போங்க, ரெண்டு பேருமாப் போய் வேற வாங்கிட்டு வாங்க."

தெருவில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை அப்படியே கிடக்கிறது, ஒரு திருகாணிகூடத் திருகவில்லை, ஆனாலும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

கடைக்காரர் முகர்ந்தார்

பஸ், பிறகு பொன்னேரியில் ரயில். வழி முழுக்கக் காசிம் பாய் என்னிடம் பேசவில்லை. கடையில் அறுத்துக் கொண்டுபோன ரப்பர்த் துண்டை மேஜையில் வைத்தோம். கடைக்காரர் எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். முகத்தைத் திருப்பினார்.

"இன்னாய்யா இது? பீடிங்ல கருவாடு கட்டி வந்தீங்களா?"

வெளியே வந்ததும்தான் காசிம் பாய் வாயைத் திறந்தார்.

"டேய் தேசிங்கு. நீ சொல்லாம வுட்டு, நான் வந்து அந்த ஆள்கிட்ட கத்தியிருந்தேன்னு வையி... இந்தத் தெரு மொத்தம் என்னைத் தொரத்தியிருக்கும்டா." கொஞ்சம் நடந்துவிட்டு, "வா, டீ குடிக்கலாம்," என்றார்.

ஆனால் அந்த மாடல் பீடிங் கடையில் மிச்சம் இருந்தது மூன்று கதவுக்குத்தான். வேறு மூன்று கடைகளில் கேட்டோம். பழைய வண்டிக்கு யார் வாங்கி வைப்பார்கள்? நாலாவது கதவுக்கு ரப்பர் இல்லை.

"எந்தக் கதவை வுடுறது?" என்றேன்.

"இதுல இன்னா யோசனை? என் கதவை வுடு," என்றார் காசிம் பாய். "நான் நனைஞ்சா எந்த வூட்டு வாசல்ல பேரு வைக்கப் போறாங்க?"

நல்ல தண்ணி ஒரு குடம்

மறுநாள் நல்லவேளையாக வெயில். ஊதிப்போன ரப்பரைப் பிய்த்தெடுத்தேன், பிசின் மாதிரி நூல் விட்டுக்கொண்டே வந்தது. சலவை சோடாவைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்துச் சானலை மூன்று தடவை தேய்த்தேன். விரலை வைத்தால் வழுக்கக்கூடாது, மூக்கை வைத்தால் வாசம் வரக்கூடாது. முதலாவது சரியாயிற்று. இரண்டாவது முழுக்கச் சரியாகவில்லை, கதவுக்குள்ளேயே கொஞ்சம் எண்ணெய் இறங்கியிருந்தது. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துக் காயவிட்டேன். கதவின் அடியில் தண்ணீர் வடிய இரண்டு ஓட்டை இருக்கும். அதை அழுக்கு அடைத்திருந்தது, குத்தித் திறந்தேன். தம்பிகளா, இதை மறக்காதீர்கள். தண்ணீரைத் தடுப்பது மட்டும் வேலை இல்லை, வந்ததைப் போகவிடுவதும் வேலை.

மூன்றாம் நாள் பொருத்த வேண்டும். சோப்புக்குத் தண்ணீர்? யோசித்தபடி ஹாஜியார் வீட்டு வண்டிக் கொட்டகையில் நின்றேன். ஏரி தாண்டி, பவுனு இடுப்பில் குடத்தோடு வந்தாள். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர். மைல் கணக்கில் நடந்து எடுத்து வருகிற தண்ணீர். எங்கள் வீட்டில் அதில் கை கழுவினால்கூடத் திட்டு விழும்.

"குடிக்கிற தண்ணியாச்சே," என்றேன்.

"ஒரு நாளு டீக்கடையில குடிச்சிக்கிறேன். மூடிக்கினு சோப்பைக் கரை."

கரைத்தேன். நுரை பொங்கியது, அலை ஒதுக்கிய நுரை மாதிரி, வெள்ளைவெளேரென்று. அவ்வளவு நுரையை அந்த ஊரில் சோப்பில் நான் பார்த்ததே இல்லை.

கதவின் அடிப்பக்கம் நடுவில் தொடங்கினேன். இணைப்பு அங்கே வந்தால்தான் மழை நேராக அதில் விழாது. ரப்பரை இழுக்கக்கூடாது. இழுத்துப் போட்டால் பொருந்தின மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் சுருங்கி இடைவெளி விடும். மூலையில் கொஞ்சம் கூடவே தள்ளிக் கொடுக்க வேண்டும். முடிவில் அரை அங்குலம் கூடுதலாக விட்டு, சாய்வாக வெட்டி, சொல்யூஷன் தொட்டு ஒட்ட வேண்டும். வலை ஊசி சானலுக்குள் உதட்டைத் தள்ளிக்கொண்டே போயிற்று. பவுனு எதிர்ப்பக்கம் நின்று சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கொடுத்தாள்.

டிரைவர் கதவுக்குப் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து ஒட்டினேன். அது தடுக்காது என்று எனக்குத் தெரியும், காசிம் பாய்க்கும் தெரியும்.

கடைசியில் பஸ் டிக்கெட் சோதனை. டிக்கெட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, மெல்ல இழுத்துப் பார்ப்பது. சுலபமாக வந்தால் அங்கே இடைவெளி. வரவே இல்லை என்றால் கதவு சிக்கும். கொஞ்சம் முரண்டு பிடித்து வர வேண்டும். கதவுக்குப் பத்து இடம். கதவின் பூட்டு வந்து மாட்டுகிற லாக் பிளேட்டை இரண்டு இடத்தில் நகர்த்தினேன். கதவு 'டப்' என்றது. இந்தத் தடவை அந்தச் சத்தத்தை நான் நம்பவில்லை. முப்பது தடவை சாத்தித் திறந்தேன்.

கையில் ஸ்குரூ டிரைவர்

நிக்காஹ் முடிந்தது. பெண் கிளம்பும் நேரம், கிழக்கே கடல் பக்கம் வானம் படகின் அடிப்பலகை நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரமாக நின்ற என்னை ஹாஜியார் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"நீயும் முன்னாடி ஏறு."

"நான் எதுக்கு ஹாஜியாரே?"

"கதவு தொறக்கலன்னா யாரு ஒடைக்கிறது?"

ஸ்குரூ டிரைவரோடு முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் நூர்ஜஹானும் மாப்பிள்ளையும். ஊர் எல்லை தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. மழையா அது, யாரோ ஏரியைக் கவிழ்த்து ஊற்றுகிற மாதிரி. வைப்பர் இங்குமங்கும் ஓடிக் களைத்தது. இரண்டு பக்கமும் நெல் வயல் மறைந்து ஒரே வெள்ளை.

நான் காலடியில் பஸ் டிக்கெட் ஒன்றைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"இன்னாங்க, கையில ஸ்குரூ டிரைவர்?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க பயப்படாதீங்க மாப்ள," என்றார் காசிம் பாய். "அது கதவுக்கு."

நூர்ஜஹான் முக்காட்டுக்குள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு ஜன்னல் கதை தெரியும். ஊருக்கே தெரியும்.

டிரைவர் கதவு வழியாகத் தண்ணீர் வழிந்து காசிம் பாயின் வலது தோள், தொடை, செருப்பு வரை ஓடியது. உள்ளே வேறு பக்கம் பரவாமல் இருக்க, தன் மேல்துண்டைச் சுருட்டிக் காலடியில் அணை கட்டியிருந்தார். "எனக்கு வலது பக்கம் ஐப்பசி, இடது பக்கம் சித்திரை," என்றார்.

பாதி வழியில் ஒரு தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. காசிம் பாய் நிறுத்தி, இறங்கி நடந்து ஆழம் பார்த்துவிட்டு வந்தார். முழங்காலுக்குக் கீழேதான். முதல் கியரில் மெல்ல விட்டார். வண்டியின் படியைத் தண்ணீர் நக்கியது. கதவின் அடியோரத்தையே பார்த்தேன். ரப்பர் கறுப்பாக, சும்மா, தன் வேலையைச் செய்துகொண்டு அமுங்கி உட்கார்ந்திருந்தது. கரையேறியதும் டிக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். மொறமொறவென்று இருந்தது. அப்படியே புறங்கையால் கண்ணைத் துடைத்தேன்.

"இன்னா மேஸ்திரி, அழுவுறியா?" என்றார் காசிம் பாய்.

"இல்ல பாய். உங்க பக்கத்துத் தண்ணி தெறிச்சிடுச்சு."

பொன்னேரியில் மாப்பிள்ளை வீட்டு வாசல். குடைகளோடு கூட்டம். கூட்டத்துக்கு முன்னால், நனைந்துகொண்டே, நூர்ஜஹானின் அக்கா. நான் இறங்கிப் போய்ப் பின்கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். இழுத்தேன்.

திறந்தது. எப்போதும் கதவு திறக்கிற மாதிரிதான் திறந்தது. உலகத்தில் அதைவிட அழகாக எதுவும் திறந்து நான் பார்த்ததில்லை.

அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து அவள் புடவைக் கரையைக் கையில் எடுத்துப் பிழிந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி பிழிந்தாள். பிறகு அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தாள், கன்னத்தில் ஓடியது மழையா இன்னொன்றா என்று தெரியாதபடி. அதற்கப்புறம் அந்தத் தெருவில் நீந்தி வந்த பொண்ணு என்று யாராவது சொன்னால், அவளே முந்திக்கொண்டு, "ஆமா, என் தங்கச்சி கப்பல்ல வந்தா," என்பாளாம்.

வேலையில் நான் கற்றது இதுதான். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. சோப்பும் நல்ல தண்ணீரும் போதும். இன்னொன்று: வேலையில் தப்பு வரும், எல்லோருக்கும் வரும். அதைச் சொல்லிவிட்டால் சரிசெய்ய நாள் மிஞ்சும். நான் சொன்ன அன்றைக்கு எனக்கு மூன்று நாள் மிஞ்சியது. அந்த மூன்று நாள் மேல் நிற்பதுதான் என் இருபது வருஷத் தொழில்.

அன்று திரும்பக் கிளம்பும்போது காசிம் பாய் வலது பக்கச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் பின்சீட்டைத் துடைக்கத் துணியை எடுத்தேன். வாசற்படி ஏறிய நூர்ஜஹான், என்ன நினைத்தாளோ, இரண்டு படி இறங்கி வந்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"தேசிங்கண்ணே."

"சொல்லுமா."

"கதவுலேர்ந்து இன்னும் அந்த மீன் எண்ணெ வாசம் வருது."

நான் நெளிந்தேன். "சோடா போட்டு மறுபடி கழுவிடுறேம்மா. அடுத்த வாரம் ஒங்கள ஊருக்கு அழைச்சிக்கினு போக வரும்போது இருக்காது."

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"வழியெல்லாம் எங்க ஊட்டுல ஒக்காந்திருந்த மாரியே இருந்துச்சுண்ணே. நான் வர்ற வரைக்கும் கழுவாதீங்க."